டீச்சரிடம் பேச

டீச்சரின் ஆப்பில் ஆறு பொத்தான்கள் இருந்தன. ஐந்தை யாரும் தொட்டதில்லை. ஆறாவது பச்சை நிறத்தில், மற்றவற்றைவிடப் பெரிதாக, திரையின் மேலேயே இருக்கும். ‘டீச்சரிடம் பேச’ என்று அதில் எழுதியிருக்கும். அழுத்தினால் டீச்சரின் போன் அடிக்கும். விடிகாலை நாலே முக்காலுக்கு அடிக்கத் தொடங்கினால் ஆறரை மணிவரை ஓயாது.

இது எனக்குத் தெரிந்திருக்கக் காரணம், எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருந்தது ஒரே சுவர். நான் அப்போது கம்பம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தேன். அவர் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் ஆசிரியர். நாற்பது வயதுக்குச் சற்று முன்பின் இருக்கும். கணவர் திருப்பூரில் ஒரு கம்பெனியில் டிரைவர்; பதினைந்து நாளுக்கு ஒருமுறை சனிக்கிழமை பஸ்ஸில் வருவார். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

ஆப்பின் பெயர் ‘வண்டி வருது’. கம்பத்திலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தினமும் ஜீப்புகள் மலையேறும். விடியுமுன் பெண்கள் தூக்குவாளியும், மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளுமாகச் சாலை முக்கில் வந்து நிற்பார்கள். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை ஆள் வேண்டும், எந்த ஜீப்பில் இடம் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே வந்த பிறகுதான் தெரியும். இடம் கிடைக்காதவர்கள் திரும்பி வீட்டுக்கு நடப்பார்கள். முந்தின நாளே போனில் பார்த்து இடம் பதிந்துகொள்ள முடிந்தால் யாரும் வீணாக வந்து நிற்க வேண்டாம். இவ்வளவுதான் யோசனை. இன்றுவரை அந்த யோசனையில் எனக்கு ஒரு குறையும் தென்படவில்லை.

டீச்சரின் கை எப்போதும் மாவிலோ தேங்காயிலோ இருக்கும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுவைப்பார். இரண்டு பக்கப் பேச்சும் சுவரைத் தாண்டி வரும்.

“சொல்லு பேச்சி. எங்கன நிக்கிற?”

“முக்குலதான் டீச்சர். நாளைக்கு எனக்கு ஒரு எடம் வேணும். எங்க மதினியும் வருவாக.”

“ஆப்பத் தொற. ‘இடம் பதிய’ன்னு இருக்கும் பாரு, அத அமுக்கு.”

“அதெல்லாம் எதுக்கு டீச்சர், நீங்களே போட்டுவிட்டுருங்க.”

“நான் இல்லாட்டி என்னத்தா செய்வ?”

“நீங்க எங்க போகப் போறீக?”

டீச்சர் சிரிப்பார். கையைத் துடைத்துக்கொண்டு, பேச்சியின் பெயரில் ஆப்புக்குள் போய், பேச்சிக்கும் மதினிக்கும் இடம் பதிவார். பிறகு ஜீப் ஓட்டும் செல்லப்பாண்டிக்குப் போன் போடுவார், அவனும் ஆப்பைப் பார்ப்பதில்லை என்பதால்.

“செல்லப்பாண்டி, ஆப்புல ரெண்டு ஆள் ஏறியிருக்கு, பாத்தியா?”

“ஆப்புல ஏறி என்னா செய்ய டீச்சர்? ஜீப்புலல்ல ஏறணும்.”

“ஏலே, வாயி! அந்தச் சரிங்கிறத அமுக்குடா.”

“வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன் டீச்சர். நீங்களே அமுக்கிருங்க.”

டீச்சரே செல்லப்பாண்டியின் பெயரில் உள்ளே போய்ச் சரி என்றும் அமுக்குவார். ஆக, திரையில் ஒரு பெண் இடம் கேட்டிருப்பாள், ஒரு ஓட்டுநர் கொடுத்திருப்பார், ஒரு பயணம் முடிந்திருக்கும். எல்லாம் டீச்சரின் இரண்டு கட்டைவிரல்கள் செய்தவை. மாதக் கடைசியில் மொத்தப் பயணங்களைத் திரையில் காட்டி, “பாத்தீகளாண்ணே, மெல்ல மெல்லப் பிடிக்குது” என்பார். பொய் சொல்கிறவரின் முகம் அல்ல அது. ஓர் இடம் காலியாக இருந்தால் அங்கே தன்னை வைத்துவிடுவதும், பிறகு அங்கே இருப்பது தான்தான் என்பதை மறந்துவிடுவதும் அவருடைய இயல்பு. அவரைப் பற்றி எனக்கு நினைவிருப்பதெல்லாம் கடைசியில் இந்த ஒன்றில்தான் வந்து நிற்கிறது.

அவரிடம் படித்த பெண் ஒருத்தி தபால் நிலையத்துக்கு வந்தபோது ஒரு கதை சொன்னாள். பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்கு மின்சாரம் இல்லாத நாட்கள் உண்டு. டீச்சர் கரும்பலகையில் திரையை வரைவார், கீழே விசைகளை வரைவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சாக்பீஸ் விசையை விரலால் தொட வேண்டும். தொட்டதும் டீச்சர் ஓடிப்போய் மேலே இருக்கும் படத்தை அழித்து, அடுத்து என்ன வருமோ அதை வரைவார். தப்பான விசையைத் தொட்டால் ‘டொய்ங்’ என்று வாயால் சத்தம் கொடுப்பார். “நெசமான கம்ப்யூட்டரவிட அது வேகமா இருக்கும் சார்” என்றாள் அந்தப் பெண். மின்சாரம் வந்த பிறகும் பிள்ளைகள் கரும்பலகையைத்தான் கேட்டார்களாம்.

அந்தக் கதையை அப்போது நான் வெறும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆப் தொடங்குவதற்கு முந்தின ஐப்பசியில், ஒரு திங்கட்கிழமை, ஏழு மணிவாக்கில் டீச்சர் பள்ளிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். எதிரே நான்கு பெண்கள் மலைக்குப் போகாமல் திரும்பி வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி, காலையில் தூக்குவாளியில் கட்டிய சோற்றை ஒரு வாய்கூடத் தொடாமல் எதிரே இருந்த வீட்டு மாட்டுத் தொட்டியில் கொட்டப் போயிருக்கிறாள். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, “வீட்டுக்குக் கொண்டுபோனா, வேலை கெடைக்கலையான்னு கேப்பாக டீச்சர். கொட்டிட்டுப் போனா, வேலைக்குப் போயிட்டு ஒடம்புக்கு முடியாம திரும்பிட்டேன்னு சொல்லலாம்ல” என்றிருக்கிறாள். அவள்தான் பேச்சி. அன்று மாலை டீச்சர் இதைச் சொன்னபோது அவர் குரலில் இரக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். “ஒரு சோத்துச்சட்டிக்குப் பொய் தேட வேண்டியிருக்குண்ணே” என்றார்.

மறுநாளே ஒரு நோட்டில் படம் போட ஆரம்பித்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி போனில் சந்தேகம் தீர்த்தாள். மற்றதையெல்லாம் யூடியூப்பில் பார்த்து, எழுதி, அழித்து, திரும்ப எழுதி, ஏழு மாதத்தில் தானே முடித்தார். அது சாதாரணக் காரியமில்லை. அந்தப் பாராட்டில் இன்றும் நான் எதையும் குறைக்க மாட்டேன்.

கோடை விடுமுறையில் பள்ளித் தாளாளரான சிஸ்டரைப் பார்த்து ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்புக் கேட்டார். சிஸ்டர் நல்ல மனதோடு கொடுத்தார். கூடவே தெளிவாகவும் சொன்னார்: அடுத்த வருடம் பள்ளி திறக்கும் நாள் காலையில் டீச்சர் வந்து நிற்க வேண்டும்; வரவில்லை என்றால் மறுநாள் வேறு ஆள். இந்தப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆசிரியர் வேலை காலியானால் எத்தனை விண்ணப்பம் வரும் என்று டீச்சருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பீரோ கதவில் ஒரு தாள் ஒட்டினார். மூன்று மாதத்தில் கம்பத்து ஜீப்புகள் எல்லாம். ஆறு மாதத்தில் கூடலூர், சின்னமனூர், மார்க்கையன்கோட்டை. ஒன்பதாம் மாதம் போடி. ஒரு வருடத்தில் மலைமேல் இருக்கும் தோட்டக்காரர்களே ஆள் தேடி ஆப்புக்கு வருவார்கள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நான் அதை நின்று வாசித்தேன்.

“எப்படிண்ணே இருக்கு?”

“நல்லா இருக்கு டீச்சர்.”

எனக்கு அதில் ஒரு வரியில்கூட நம்பிக்கை இல்லை. தபால் நிலையத்தில் ஒரு புதுப் படிவம் வந்தால் ஜனங்கள் அதைத் தாங்களே நிரப்ப எத்தனை வருடம் ஆகிறது என்று பார்த்தவன் நான். ஆனால் ஒரு பெண் ஏழு மாதம் உட்கார்ந்து செய்ததை முகத்துக்கு நேரே ஆகாது என்று சொல்கிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. என்னிடமும் இல்லை.

பச்சைப் பொத்தான் முதலில் கிடையாது. ஆனி மாதம், பெரியாற்றுத் தண்ணீர் வயலுக்குத் திறந்த வாரம், கம்பம்மெட்டுச் சாலை முக்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற பெண்களின் போனில் எல்லாம் டீச்சர் ஆப்பை ஏற்றிக்கொடுத்தார். பேச்சியிடம் போனைக் கொடுத்து, தனியாகச் செய்து பார்க்கச் சொன்னார். பேச்சி திரையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, “டீச்சர், பேசுங்க” என்றாள். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேச்சிக்கு முகம் சிறுத்துவிட்டது.

டீச்சர் சிரிக்கவில்லை. அன்று மதியமே அந்தப் பொத்தானைச் சேர்த்துவிட்டார். “வீடு தேடி வந்தவுகள வாசல்ல நிறுத்தி, உள்ள மிஷின் இருக்கு, அதுகிட்டக் கேட்டுக்கங்கன்னு சொல்றதாண்ணே? ஒரு வார்த்தை பேசத்தான் செய்யணும். பழகுறமட்டும் இருக்கட்டும்” என்றார். அவர் வளர்ந்த வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, ஊரிலும் சரி, இங்கும் சரி, வந்தவரோடு பேசாமல் இருப்பதைப்போல மரியாதைக்கேடு வேறில்லை. ஆப் செய்வதற்கு முன் அவர் பார்த்த பாடங்கள் எதிலும் இந்த மரியாதையைப் பற்றி எச்சரிக்கை இருந்திருக்காது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆப் ஒரு ஜீப்புக்குப் பத்து இடம் என்று கணக்கு வைத்திருந்தது. எங்கள் ஜீப்புகளில் இடம் என்பது எண் அல்ல. யார் யாரோடு வருகிறார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். அக்கா தங்கச்சி என்றால் ஒருத்தி மடியில் ஒருத்தி. பேசாத ஓரகத்திகள் என்றால் நடுவில் இரண்டு ஆள் இடம் வீண். பத்தாவது இடம் நிரம்பியதும் ஆப் சிவப்பாகிவிடும். அதே நேரத்தில் செல்லப்பாண்டி முக்கில் நின்று, “ரெண்டு பேரு வாங்க, தாராளமா உக்காரலாம்” என்று கத்திக்கொண்டிருப்பான். டீச்சர் பத்தை மாற்றவில்லை. “அதுக்கு மேல ஏத்தி மெட்டுல கவுந்தா யாரு பதில் சொல்றது?” என்றார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் ஓட்டுநர்கள் ஆப்பைத் தொடவில்லை.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை தேனியில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஒருநாள் முகாம் நடந்தது. எனக்கும் அன்று தேனியில் அலுவலக வேலை இருந்ததால் டீச்சரோடு போய், மதியத்துக்குப் பிறகு பின்வரிசையில் உட்கார்ந்தேன். மதுரையிலிருந்து வந்திருந்த ஒருவர் பேசினார். தானே இரண்டு ஆப் செய்து இரண்டையும் இழுத்து மூடியவர்.

“என் முதல் ஆப்பை என் மனைவிகூட ரெண்டாவது தடவை திறக்கலை” என்றுதான் ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “முதல் வருஷம் அது உங்களுக்குச் சோறு போடும்னு நினைக்காதீங்க. நீங்கதான் அதுக்குச் சோறு போடணும். அதுக்கு உங்களுக்கு வேற ஒரு வேலை இருக்கணும். இருக்கிற வேலையை விட்டுட்டு வந்தவங்க யாராவது இருந்தா, திரும்பிப் போக வழி இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.”

டீச்சர் எழுந்து தன் ஆப்பைப் பற்றிச் சொன்னார். பயணங்களின் எண்ணிக்கையையும் சொன்னார். மதுரைக்காரர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “மேடம், உங்க போன் நம்பரை எடுத்துட்டா இதுல எத்தனை மிஞ்சும்?” என்றார்.

“தெரியலைங்க சார்.”

“எடுத்துட்டு ஒரு மாசம் பாருங்க. அப்ப மிஞ்சுறதுதான் உங்க ஆப். இப்ப இருக்கிறது நீங்க.”

திரும்பி வரும்போது பஸ் உத்தமபாளையம் தாண்டியபோது டீச்சர், “நல்ல மனுசன். ரொம்ப அடிபட்டிருப்பாக போலண்ணே” என்றார். அந்த மனிதர் சொன்னது அவருடைய சொந்த அனுபவம்தான், தனக்கான எச்சரிக்கை அல்ல என்றே டீச்சர் எடுத்துக்கொண்டதாக எனக்குப் பட்டது.

ஆனாலும் செய்தார். உடனே அல்ல; “சின்ன விசேஷம் ஒன்னு இருக்கு பேச்சி வீட்டுல, அது முடியட்டும்”, “ஈஸ்டர் போகட்டும்” என்று தள்ளிக்கொண்டே வந்து, வீரபாண்டித் திருவிழா முடிந்த வாரம் ஒரு திங்கட்கிழமை பச்சைப் பொத்தானை எடுத்தார். தன் பழைய எண்ணையும் மாற்றிக்கொண்டார். பள்ளி திறக்க நான்கு வாரம் இருந்தது. “நாலு வாரம் பாக்குறேன். யாரும் தொடலைன்னா சேலையத் தேச்சுக் கட்டிக்கிட்டு சிஸ்டர் முன்னாடி போய் நின்னுருவேன்” என்றார். அந்த வருடம் முழுக்க அவர் சொன்னதில் சரியான வார்த்தை அதுதான்.

முதல் வாரம் இரண்டு பதிவு. ஒன்று கைதவறிப் போட்டது. இரண்டாம் வாரம் ஒன்றுமில்லை. விடிகாலையில் சுவருக்கு அந்தப்பக்கம் அப்படி ஒரு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்த அமைதி அவர் வீட்டில் இல்லாததால் வந்தது என்று மூன்றாம் வாரம்தான் தெரிந்தது. ஐந்தரை மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போனவன் முக்கில் டீச்சரைப் பார்த்தேன். தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, ஒரு ஜீப்பின் பின்படியில் கைவைத்து, “ஏ மூக்கம்மா, நீ அந்த வண்டிக்குப் போ, அங்கன ரெண்டு எடம் இருக்கு. செல்லப்பாண்டி, இவுகள ஏத்திக்கடா” என்று ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணும் திரும்பிப் போகவில்லை. ஜீப்புகள் போனபின் என்னைப் பார்த்து வெட்கப்பட்டதுபோல் சிரித்தார்.

“டீச்சர், நீங்க இங்கன வந்து நின்னா, அந்த சார் சொன்னத எப்படிப் பாக்குறது? ஆப்பத் தேட வேண்டிய அவசியமே இல்லாமப் போகுதே.”

“தெரியுதுண்ணே. ஆனா ஒருத்தி திரும்பிப் போறதப் பாத்துக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்க முடியலையே.”

அன்று அவர் மிகத் தெளிவாக இருந்தார். பள்ளிக்குத் திரும்பிவிடப் போவதாகச் சொன்னார். பேச்சியிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். எனக்கு ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

நான்காம் வாரம், செவ்வாய்க்கிழமை, ஆப்பில் பதினோரு பதிவு. புதன்கிழமை பத்தொன்பது. வியாழன் அதற்கும் மேல். இடம் பதிந்திருந்தார்கள், ஜீப் எங்கே என்று பார்த்திருந்தார்கள், தோட்டத்தைப் பற்றிய பக்கத்தைக்கூடத் திறந்திருந்தார்கள். ஐந்து பொத்தான்களும் உயிர்பெற்றுவிட்டன. டீச்சர் வாசலில் நின்று ஒவ்வொரு பதிவாக எனக்குக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் செல்லப்பாண்டி தானாகவே என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னான்.

“டீச்சர் கடையச் சாத்துறாகன்னு பேச்சியக்கா அழுதுருச்சு சார். அம்புட்டுச் செஞ்சவுக மனசு விட்டுப் போறதான்னு, வண்டி மெட்டு ஏறுறப்ப எல்லாருமாச் சேந்து அமுக்குறோம். ஆளுக்கு நாலு தரம். எறங்குறப்ப ஒருக்கா. எனக்கே பெருவிரல் வலிக்குது, போங்க.”

“இடம் பதியவா அமுக்குறீங்க?”

“எடந்தான் வண்டியில உக்காந்தாச்சே சார். சும்மா அமுக்குறதுதான். டீச்சருக்குச் சந்தோசமா இருக்கட்டும்.”

மறுநாள் பள்ளி திறப்பு. டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. நாற்காலியின் முதுகில் தேய்த்த சேலை ஒன்று தொங்கியது.

“வாங்கண்ணே, ஒங்களத்தான் கூப்பிடணும்னு நெனச்சேன். நேத்து நாப்பதுக்கு மேல! நான் முக்குக்குக்கூடப் போகலண்ணே இந்த வாரம். தானா வந்துருக்கு.” குரலைத் தாழ்த்தினார். “சிஸ்டர்கிட்ட வரலன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். மாதா கண்ணத் தொறந்துட்டாக. நீங்க என்னா சொல்றீக?”

சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்கு வாயில் முழுதாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருடமாக அந்த முகத்தில் களைப்பைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

“யோசிச்சுச் செய்ங்க டீச்சர்” என்றேன்.

“யோசிச்சுட்டேண்ணே” என்றார்.

திங்கட்கிழமை அவர் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பள்ளிக்குச் சின்னமனூரிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். டீச்சர் மனம் மாறிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் ஜீப்பில் எல்லோரும் அமுக்குவதை நிறுத்திவிட்டார்கள். நினைத்த காரியம் நடந்துவிட்டது, அப்புறம் எதற்கு? அதற்கடுத்த திங்கட்கிழமை பதிவு இரண்டு. புதன்கிழமை ஒன்றுமில்லை. அதன்பிறகு ஒன்றுமே இல்லை. தென்மேற்குப் பருவமழை மலையில் இறங்கிவிட்ட நாட்கள் அவை; முக்கில் பெண்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, முன்போலவே, இடம் கிடைக்குமா என்று நின்றார்கள்.

டீச்சர் இப்போது திருப்பூரில் கணவரோடு இருக்கிறார் என்றும், ஒரு பனியன் கம்பெனியில் துணிக்கட்டுகளுக்குச் சீட்டு ஒட்டுகிறார் என்றும் கேள்வி. அவர் இருந்த வீட்டில் அதன்பிறகு மூன்று குடும்பங்கள் மாறிவிட்டன.

ஜீப்பில் சும்மா அமுக்கிய விஷயத்தை அவருக்குச் சொன்னது பேச்சிதான். பள்ளி திறந்த மூன்றாவது சனிக்கிழமை, மலையிலிருந்து இறங்கியவள் டீச்சர் வாசலில் நின்று, நல்ல செய்தி சொல்வதுபோலவே சொன்னாள். நான் என் வாசலில் இருந்தேன்.

“நாங்கெல்லாம் அமுக்குனதுலதான டீச்சர் நீங்க போகாம நின்னீக. இல்லாட்டி எங்கள விட்டுட்டுப் போயிருப்பீகள்ல?”

டீச்சர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்:

“அமுக்குறப்ப எந்தப் பொத்தான் பேச்சி சிரமமா இருந்துச்சு?”

“ஒன்னுமே சிரமமில்ல டீச்சர். எல்லாம் லேசாத்தான் அமுங்குச்சு.”

“அப்படியா” என்றார் டீச்சர். உள்ளே போய் அவளுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

பேச்சி போனபின் என் வாசலுக்கு வந்தார். எனக்கு எதுவும் தெரியாது என்பதுபோல முதலிலிருந்து முழுவதையும் சொன்னார். “பாவம், நல்லது நெனச்சுத்தான செஞ்சிருக்காக” என்றார். பிறகு, “அன்னைக்கு ஞாயித்துக்கெழம நீங்க என்னமோ சொல்லத்தான் வந்தீகளோன்னு இப்பத் தோணுதுண்ணே” என்றார்.

“ஒன்னுமில்ல டீச்சர். சும்மா வந்தேன்.”

தலையாட்டினார். “ஆப்ப எடுத்துரப் போறேண்ணே. ஒங்க போன்லயும் இருக்கும்ல? இனி அது கெடந்து என்னா செய்ய. கொடுங்க, நானே அழிச்சுத் தர்றேன்.”

ஆப் வெளிவந்த அன்றே அதை என் போனில் ஏற்றிவிட்டதாக அவரிடம் சொல்லியிருந்தேன். சொன்னதோடு சரி. எனக்கெதற்கு மலைக்குப் போகும் ஜீப் என்று விட்டுவிட்டேன். ஒரு வருடத்தில் ஒருநாள்கூட அது என் போனில் இருந்ததில்லை.

அவர் கை நீட்டியபடி இருந்தது. போனைக் கொடுத்தேன்.

முதல் பக்கத்தைப் பார்த்தார். விரலால் தள்ளி இரண்டாவது பக்கத்தைப் பார்த்தார். மூன்றாவது. திரும்பவும் முதல் பக்கம். ஒவ்வொரு படமாக, வரிசை தப்பாமல், பரீட்சைத் தாள் திருத்துகிறவர்போலப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெறும் திரையில் ஓர் இடத்தில் விரலை வைத்து, கொஞ்சம் அழுத்திப் பிடித்து, எடுத்தார்.

“அழிச்சுட்டேண்ணே” என்று சொல்லி, போனை என் கையில் வைத்தார்.